கார் பிரேக் கவனம் கேட்கிறதா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். பிரேக் பேட் வாங்க வருகிறவர்களும், வாங்குவதா வேண்டாமா என்று குழம்பி வருகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாம் சொந்தக் கார்களுக்கானவை. லாரி, பஸ்ஸில் இருக்கும் காற்று பிரேக் வேறு விதம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே நம்புங்கள்.

1. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது, பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

போன மாதம் பிடித்தது போலவே இன்றும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பேட் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் தேய்கிறது, அதற்கேற்ப உங்கள் கால் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக அழுத்தப் பழகிக்கொள்கிறது. தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாத குறை, விடுமுறைக்கு வந்த தம்பி ஒரு நாள் வண்டியை எடுத்ததும் தெரிந்துவிடுவது இதனால்தான். “பெடல் ஏன் இவ்வளவு உள்ளே போகிறது?” என்று அவன் கேட்டால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மாதம் ஒரு முறை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டி, பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு பிரேக் பிடித்துப் பாருங்கள். பெடல் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, சத்தம் வருகிறதா, வண்டி நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 80 கிலோமீட்டரில் அது 22 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரமோ இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்காகிவிடும். வேப்பமூடு ஜங்ஷன் நெரிசலில் போதுமானதாகத் தெரியும் பிரேக், காவல்கிணறு நான்குவழிச் சாலையில் போதாமல் போகலாம்.

2. டிஸ்க், டிரம், பேட், லைனர் என்கிறார்கள். எது எங்கே இருக்கிறது?

பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தகடு. இருபுறமும் நின்று அதைப் பிடிப்பவை பேட்டுகள், அவற்றை அழுத்துவது காலிப்பர். டிரம்முக்குள்ளே லைனர் ஒட்டிய இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும். பெடலில் கால் தரும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோவது பிரேக் ஆயில். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் பூஸ்டர் இருந்து உங்கள் கால் பலத்தைப் பெருக்குகிறது.

நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். முன் பேட்டுகள் முதலில் தேய்வதும் அதனால்தான்.

3. பிரேக் மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

உடனே பார்க்க வேண்டும். மாற்றுவது பார்த்த பிறகு. பல பேட்டுகளின் ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வரும்போது அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். உங்களை எச்சரிக்கவே வைக்கப்பட்ட சத்தம் அது. ஆனால் எல்லா பேட்டிலும் இந்தத் தகடு இருக்காது. சத்தமே வரவில்லை, ஆகவே பேட் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

தூசு புகுந்தாலும், பேட்டின் மேற்பரப்பு சூட்டில் வழவழப்பாகிப் போனாலும் கீச்சிடும். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடும் சாலைகளில் தினமும் போகிறவர்களுக்கு இது அதிகம். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டிக்கொண்டாலும் பிரேக் பிடிக்காதபோதே பயங்கரமாகக் கத்தும். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் பல நேரம் கல் விழுந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சத்தம் போகட்டும் என்று பேட்டிலோ டிஸ்க்கிலோ எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

4. கீச்சு இல்லை, கரகரவென்று இரும்பு அரைக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. பேட்டில் உரசும் பொருள் முழுவதும் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புத் தகடே டிஸ்க்கை அரைக்கிறது என்பதற்கான சத்தம் அது. பெரும்பாலும் காலடியிலும் அந்த அரைப்பு தெரியும். நிறுத்த ஆகும் தூரம் கூடிவிடும். பேட் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க் விலை வரை போய்விடும். வீட்டிலேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

5. எங்கள் வீடு குளச்சலில், கடற்கரை ஓரம். காலையில் பார்த்தால் டிஸ்க் முழுக்கத் துரு. அண்ணாச்சி, டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. டிஸ்க் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. ஒரு இரவு மழையோ கடல் காற்றோ பட்டால் மேலே செம்பழுப்பாகத் துரு படரும். காலையில் நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் பேட் அதைத் துடைத்துவிடும். முதல் இரண்டு நிறுத்தத்தில் வரும் சரசரப்புக்கு அதுவே காரணம். சில நிமிடம் ஓட்டிய பிறகும் டிஸ்க்கில் துருக்கோடுகளோ குழிகளோ தெரிந்தால்தான் கவலை.

உப்புக் காற்றின் உண்மையான சேதம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நடக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்கள் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, காலிப்பர் நகர்வதற்கு உதவும் பின்கள். இவை துருப்பிடித்து இறுகினால் ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேயும். அடுத்தது ஹேண்ட் பிரேக் கேபிள். பிறகு, வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் ஆயில் குழாய்; இது இரும்பு, அரித்து ஓட்டை விழக்கூடியது. ஒவ்வொரு சர்வீஸிலும் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே உள்ள, சூடு தாங்கும் கிரீஸ் இடச் சொல்லுங்கள். வண்டியைக் கழுவும்போது அடிப்பாகத்துக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

6. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இரண்டு முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடிய குறை அல்ல இது. ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்க முடியும். உங்கள் மிதியின் பாதி அந்தக் காற்றைச் சுருக்கவே செலவாகிறது. மெக்கானிக்குகள் “ஏர் எடுப்பது” என்று சொல்லும் வேலை இதற்குத்தான். பின் லைனர் மிகவும் தேய்ந்து, சரிசெய்யப்படாமல் இருந்தாலும் முதல் மிதியில் பெடல் கீழே போகும்.

காற்று எப்படிப் புகுந்தது என்றும் கேளுங்கள். எங்கோ கசிவு இருந்தால், ஏர் எடுத்த சில நாளில் பழைய கதைதான். சக்கரத்தின் உள்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா, வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை: எஞ்சின் ஓடும்போது, நின்ற இடத்தில் பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்கலாம், அல்லது வெளியே கசிவு இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அந்த வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம்.

7. இதற்கு நேர்மாறாக, பெடல் இறுகிப்போய் மிதிக்கவே முடியவில்லை. என்ன காரணம்?

பூஸ்டரைச் சந்தேகியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரோ, அதற்குப் போகும் வெற்றிடக் குழாயோ பழுது.

8. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றினால் போதும்தானே?

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். எஞ்சின் ஆயில் போல பிரேக் ஆயில் எரிந்து குறைவதில்லை. அது குறைவதற்குக் காரணம் இரண்டே. ஒன்று, பேட் தேய்ந்திருக்கிறது: தேய்ந்த அளவுக்குக் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே உள்ள டப்பாவில் மட்டம் இறங்கும். இரண்டு, கசிவு. இரண்டையும் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் வண்டி காட்டிய அடையாளத்தை நீங்களே அழித்தது போலாகும். பேட் தேய்ந்த நிலையில் நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே போக, ஆயில் வழிந்து பெயின்ட்டில் கொட்டும். பெயின்ட்டை அது அரித்துவிடும். கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆயிலை மொத்தமாக மாற்றுவது தனி விஷயம். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் சரி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3 ஆயிலுக்கு அந்த எண்கள் 205, 140. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. கடல் ஈரம் வேறு. இங்கே அந்த 2 ஆண்டுக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

டப்பாவின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. வீட்டில் பாதி தீர்ந்த பழைய பாட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்த வேண்டாம், திறந்த நாளிலிருந்தே அது ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் பாழாகும்.

9. பிரேக் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் செய்தால் சரியாகுமா?

முதலில் டயர்களில் காற்றைச் சரிபாருங்கள். அடுத்து, பிரேக் பிடிக்காதபோதும் இழுக்கிறதா என்று கவனியுங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருப்பதால் லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. எப்போதும் பலமாக இழுத்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), டயர் பக்கம் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் கோளாறு: ஒரு பக்கக் காலிப்பர் இறுகியிருக்கும், அல்லது ஒரு பக்க பேட்டில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளே ஊதி அடைத்திருக்கும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைலேஜ் திடீரென்று குறைந்ததற்கும் சில நேரம் இதுவே காரணமாக இருக்கும்.

10. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பெடலும் காலுக்கடியில் துடிக்கிறது.

டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாமல் போயிருக்கிறது. தடித்த இடம் பேட்டுக்கு வரும்போதெல்லாம் பெடலைத் திருப்பித் தள்ளுகிறது. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் டிஸ்க், இருக்கையிலும் பெடலிலும் மட்டும் தெரிந்தால் பின்பக்கம் என்று கொள்ளலாம். பிரேக் பிடிக்காமலே 80 கிலோமீட்டரில் நடுங்கினால் அது வீல் பேலன்ஸ். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம், ஆனால் சமப்படுத்திய பிறகும் குறைந்தபட்சத் தடிமன் மிஞ்ச வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் புது டிஸ்க்தான்.

அவசரமாக மிதிக்கும்போது, அதுவும் மழையில், பெடல் படபடவென்று துடித்தால் அது ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, வேலை செய்கிறது என்று பொருள். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அந்தத் துடிப்புக்குப் பயந்து பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள். ஏபிஎஸ் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

11. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று, சில நாள் மஞ்சள் விளக்கு. எதற்குப் பயப்பட வேண்டும்?

சிவப்புக்கு. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிய பிறகும் சிவப்பு எரிந்தால் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது. 8ஆம் பதிலில் சொன்ன இரண்டு காரணங்களையும் பாருங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி அணைந்தாலும் அதே பொருள்தான், மட்டம் எல்லையில் நிற்கிறது. மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் உதவி இருக்காது. நிதானமாக ஓட்டிப்போய்க் காட்டலாம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

12. கோதையாறு போய்விட்டு இறங்கும்போது தீய்ந்த வாசனை வந்தது. புகை கூட வந்தது. பிரேக் எரிந்துவிட்டதா?

இந்த மாவட்டத்தில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பதில் இது. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மட்டுமல்ல. விடுமுறைக்குக் கேரளத்துப் பொன்முடிக்கும் மூணாறுக்கும், கொடைக்கானலுக்கும் நாம் குடும்பத்தோடு போகிறோம். சமவெளியில் ஓட்டிப் பழகிய கால், இறக்கம் முழுவதும் பெடலிலேயே கிடக்கிறது. பிரேக் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றித்தான் நிறுத்துகிறது. அந்தச் சூடு ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காவிட்டால் பேட் பிடிமானத்தை இழக்கும்: பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. அதற்கும் மேலே சூடு ஏறினால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி சுருங்கக்கூடியது என்பதால் பெடல் தரை வரை போய்விடும். 8ஆம் பதிலில் கொதிநிலை எண்களைச் சொன்னது இதற்காகத்தான். பழைய ஆயிலோடு மலை ஏறுகிறவருக்கு அந்த 75 டிகிரி வித்தியாசம் மிகப் பெரியது.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கீழ் கியருக்கு மாற்றும் வசதியைக் கையேட்டில் தேடி, மலைக்குப் போகும் முன்பே சமவெளியில் பழகிக்கொள்ளுங்கள். வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்கிறது.

வாசனை வந்துவிட்டால், பெடல் பிடிமானம் இருக்கும்போதே ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் கோணும், வெடிப்பும் விழலாம். வீடு வந்ததும் பேட்டையும் ஆயிலையும் காட்டிவிடுங்கள்.

13. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்களே?

மிச்சமாகாது. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு எரிபொருள் செலவாகும், வண்டியைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், அதன் பிறகு 7ஆம் கேள்வியில் சொன்ன இறுகிய பெடல்தான். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

14. மழைத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் பிரேக் பிடிப்பதில்லை. ஏதாவது செய்ய வேண்டுமா?

தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் வேகம் எடுக்காமல், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, லேசாக நான்கைந்து முறை மிதியுங்கள். டிஸ்க் உடனே காயும், டிரம்முக்கு நேரமாகும். சக்கர மட்டத்துக்குச் சேற்றுத் தண்ணீர் ஏறியிருந்தால், 2021 நவம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஏறியது போல, டிரம்மைக் கழற்றிச் சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே தங்கும் மணல் லைனரையும் டிரம்மையும் சேர்த்து அரைக்கும். ஏபிஎஸ் சென்சார் ஒயர்களையும், வீல் பேரிங்கையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது.

15. நான் துபாயில் வேலை செய்கிறேன். ஆறு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி இப்போது நகர மறுக்கிறது. என்ன செய்வது?

வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் ஊர்கள் பல இங்கே உண்டு, ஆகவே விடுமுறைக் காலங்களில் இந்தக் கேள்வி தினமும் வரும். ஹேண்ட் பிரேக் போட்டபடி மழைக்காலம் முழுவதும் நின்றால் பின் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சிறு சத்தத்தோடு விட்டுவிடும். விடாவிட்டால் எஞ்சினை முறுக்கி இழுக்காதீர்கள், லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து வந்துவிடும். மெக்கானிக் வந்து கழற்றட்டும்.

நகர்ந்துவிட்டால் போதும் என்று அன்றே மாமியார் வீட்டுக்குக் களியக்காவிளை வரை கிளம்பிவிடாதீர்கள். முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி, 5ஆம் பதிலில் சொன்னபடி டிஸ்க்கைப் பாருங்கள். மேல்துரு போய்விடும், பேட் படிந்திருந்த இடத்தில் அதன் அச்சு மாதிரி துரு ஆழமாக ஏறியிருந்தால் போகாது, 10ஆம் கேள்வியின் துடிப்பு வரும். பிரேக் ஆயிலின் கணக்கையும் பாருங்கள், நின்ற மாதங்களும் அதில் சேரும்.

அடுத்த முறை கிளம்பும்போது சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பிரேக்குக்கு எந்தப் பயனும் இல்லை.

16. ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு தூக்கினாலும் மேட்டில் வண்டி நழுவுகிறது.

கேபிள் தளர்ந்திருக்கலாம், பின் லைனர் தேய்ந்திருக்கலாம். எத்தனை “கிளிக்”கில் பிடிக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். அதைவிட மேலே போனால் காட்டுங்கள். கேபிளை மட்டும் முறுக்கி இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல விடாதீர்கள். லைனரைப் பார்க்காமல் கேபிளை இறுக்கினால் பின் பிரேக் எந்நேரமும் உரசிக்கொண்டே ஓடும்.

17. பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்? ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா? விலை குறைந்தது போடலாமா?

30,000 கிலோமீட்டரில் தீர்ந்ததும் உண்டு, 60,000 தாண்டியதும் உண்டு. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் தினமும் போய்வருகிறவர் நின்று நின்று ஓட்டுகிறார், திருநெல்வேலிக்குப் போகிறவர் நேராக ஓட்டுகிறார். ஆகவே கிலோமீட்டரை நம்பாமல் தடிமனைப் பாருங்கள். புதிய பேட்டில் உரசும் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். அலாய் வீல் என்றால் டார்ச் அடித்து இடைவெளி வழியாக வெளிப்பக்க பேட்டைப் பார்க்கலாம், ஆனால் உள்பக்க பேட் அதைவிட அதிகம் தேய்ந்திருப்பது சாதாரணம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே உறுதி.

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது; 9ஆம் கேள்வியின் இழுப்பை விலை கொடுத்து வாங்குவதாகும். முன் இரண்டும் சேர்த்து, அல்லது பின் இரண்டும் சேர்த்து மாற்றுங்கள். விலையைப் பொறுத்தவரை, பேட் விற்கிறவன் என்பதால் நான் சொல்வதைச் சந்தேகிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். கம்பெனி பேட்டோ, பெயர் தெரிந்த தயாரிப்போ, பில்லோடு வாங்குங்கள். பெயரில்லாத பேட் உதிரும், அல்லது டிஸ்க்கைத் தின்னும்.

புதுப் பேட் போட்டதும், வண்டி நகரும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து ஒர்க்‌ஷாப் வாசலிலேயே இடித்தவர்கள் இருக்கிறார்கள். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசர பிரேக் தேவைப்படாதபடி ஓட்டுங்கள்.

18. மெக்கானிக் “எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்” என்கிறார். நம்புவதா?

காட்டச் சொல்லுங்கள். பழைய பேட்டை, உள்பக்கமும் வெளிப்பக்கமும், கையில் வாங்கிப் பாருங்கள். டிஸ்க் என்றால் தடிமனை அளந்து, பொறித்த எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். காலிப்பர் என்றால் எது இறுகியிருக்கிறது என்று காட்டட்டும். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், அவரே கூப்பிட்டுக் காட்டுவார். உங்கள் பங்குக்கு, “பிரேக் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல் எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்தபோதா, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

டிரம்மைக் கழற்றும்போது தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதினால் தள்ளி நில்லுங்கள், அவரிடமும் சொல்லுங்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பதே நுரையீரலுக்கு நல்லது.

19. மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் மெதுவாகத் தேயும், ஆனால் பயன்படாத டிஸ்க்கும் பின்களும் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இன்னும் சீக்கிரம். வாரம் சில முறையாவது, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். ஆயில் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை.

20. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்ய வேண்டும்?

பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம். அதே நேரத்தில் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பொத்தான் வகை மின் ஹேண்ட் பிரேக் என்றால், பல வண்டிகளில் அதை விடாமல் இழுத்துப் பிடித்தால் அவசரமாக நிறுத்தும். உங்கள் வண்டியில் எப்படி என்று இன்றே கையேட்டில் பாருங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், சாவியை உருவாதீர்கள். ஸ்டியரிங் கனக்கும், பூட்டிக்கொள்ளவும் கூடும். ஹாரனும் எச்சரிக்கை விளக்கும் போட்டு, மேட்டுப் பக்கமோ மண் ஓரமோ தேடுங்கள். மலைப்பாதையில் வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு, மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள்.

நின்ற பிறகு, பெடலில் கொஞ்சம் பிடிமானம் திரும்பியது போலத் தெரிந்தாலும் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப்போகலாம் என்று நினைக்க வேண்டாம். வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியை வரவழையுங்கள்.